இரு கணக்குகள்

1870களில் பேரிங் கடலிற் புகுந்த அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வால்ரஸ்களையும் கொன்று குவித்தன. அக்கப்பல்களின் ஏடுகளில் நாம் காண்பது எண்ணெய்ப் பீப்பாய்களின் கணக்கு. வால்ரஸை உண்டு வாழ்ந்த செயின்ட் லோரன்ஸ் தீவினருள் ஏறத்தாழ ஆயிரம்பேர் 1878–80இல் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டனர்; அவ்வேட்டையும் அதற்கொரு காரணம் என்பர். இலாபக் கணக்கில் அதற்கு இடமேது?

இன்றோ புவி வெப்பமுற்றுக் கடற்பனி வடக்கே பின்வாங்க, தாய்களும் குட்டிகளும் அலாஸ்காக் கரையில் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு விமானத்தின் இரைச்சல் போதும். மந்தை வெருண்டு கடலுக்குப் பாய்கையில் குட்டிகள் மிதிபட்டு மடியும். 2009இல் ஐசி முனையருகே ஆய்வாளர் எண்ணிய உடல்கள் 131, பெரும்பாலும் இளங்குட்டிகள்! 2014இல் பாயிண்ட் லே ஊரருகே சுமார் 35,000 வால்ரஸ்கள் கரையேறின. விமானங்களையும் வேடிக்கை பார்ப்போரையும் விலக்கிவைக்க முன்னின்றவர்கள், தலைமுறைகளாக வால்ரஸை வேட்டையாடிவந்த இனுப்பியாக் மக்களே.