நான்கு வாசல் கொண்ட பெட்டி: புரோலொக் வழுநீக்கியின் கதை

கணினிக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கூறினாற் போதும், அதை எவ்வாறு கண்டறிவது என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். அளவையியல் செய்நிரலாக்கம் பிறந்த காலத்தில் அத்துறை அளித்த பெரும் வாக்குறுதி இதுதான். அது எந்தளவுக்கு நிறைவேறியது என்பதை அறிய விரும்புவோர் கோட்பாட்டு நூல்களைப் புரட்டுவதைவிட வழுநீக்கியின் வரலாற்றைப் பார்ப்பது பயன்தரும். செய்நிரல் ஓடும்போதே அதனைப் படிப்படியாக நிறுத்தி, பிழை எங்கே நேர்ந்தது என்று தேட உதவும் கருவியே வழுநீக்கி ஆகும்.

பிரான்சின் மார்செய் நகரில் அலன் கொல்மெரோவரும் பிலிப் ருசெலும் 1972 இல் புரோலொக் மொழியை உருவாக்கினர். அதன் அளவையியல் அடித்தளத்தை அமைப்பதில், அப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்த ரொபேட் கொவால்ஸ்கிக்கும் பெரும் பங்குண்டு. 1977 இல் அதே எடின்பரோவில் டேவிட் வொரன், லூயிஸ் பெரெய்ரா, பெர்னாண்டோ பெரெய்ரா ஆகியோரின் முயற்சியால் டெக்-10 கணினிக்கான புரோலொக் தொகுப்பான் வெளிவந்தது. மொழி வேகம் பெற்றது. கூடவே சிக்கலும் வெளிப்பட்டது.

சிக்கலை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒருவரின் பெற்றோர் அவருக்கு மூதாதையர்; அந்தப் பெற்றோரின் மூதாதையரும் அவருக்கு மூதாதையரே. அளவையியல் நோக்கில் இதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டாவது விதியை முதலில் எழுதி, அதனுள்ளும் மூதாதையர் பற்றிய வினாவையே முதல் நிபந்தனையாக வைத்தால், புரோலொக் அதே வினாவைத் தன்னிடமே கேட்டுக்கொண்டு முடிவின்றிச் சுழலும். எழுதியவரோ விதியில் தவறு தேடுவார். தவறு விதியில் இல்லை. கணினி அதனைப் பின்பற்றும் வரிசையில் இருக்கின்றது. 'எவ்வாறு' என்பதை மறந்துவிடலாம் என்ற வாக்குறுதி இங்கேதான் தடுமாறியது.

இதற்கு விடைகாண முயன்றவர்களுள் முக்கியமானவர் எடின்பரோவைச் சேர்ந்த லோரன்ஸ் பேர்ட். 1980 இல் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் நடந்த அளவையியல் செய்நிரலாக்கப் பயிலரங்கில் அவர் முன்வைத்த கருத்து மிக எளிமையானது. ஒவ்வொரு வினாவையும் ஒரு பெட்டியாகக் கருதுங்கள். அதற்கு நான்கு வாசல்கள் உண்டு. முதன்முறை உள்ளே செல்வது 'கோல்', விடையோடு வெளியேறுவது 'எக்சிட்', வேறு விடை தேடி மீண்டும் நுழைவது 'றீடூ', விடையின்றி வெளியேறுவது 'ஃபெயில்'. மேற்சொன்ன மூதாதையர் விதியை இவ்வாறு பார்த்தால், 'கோல்' வாசல் மட்டும் மீண்டும் மீண்டும் திறப்பதையும் வேறெந்த வாசலும் திறவாததையும் உடனே காணலாம். பின்வந்த புரோலொக் வழுநீக்கிகளிற் பெரும்பாலானவை இந்தப் பெட்டியின் மீதே எழுப்பப்பட்டன.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எஹூட் ஷபீரோ வேறொரு வழியை நாடினார். 1982 இல் நிறைவுற்ற அவரது ஆய்வில், வழுநீக்கி செய்நிரலாளரிடமே கேள்வி கேட்கிறது. இந்த விடை சரியா, அந்த விடை சரியா என்று விசாரித்து, பிழையான விதியை நெருங்கிச் சென்று சுட்டிக்காட்டுகிறது. அளவையியலின் மாண்புக்கு இதுவே பொருத்தமான முறை. ஆயினும் நூற்றுக்கணக்கான கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதிலளிக்க வேண்டியவர் மனிதர். அன்றாடப் பயன்பாட்டில் பேர்ட்டின் பெட்டியே நிலைத்தது.

வழுநீக்கியைப் பேணுவது அதனை உருவாக்குவதைவிடக் கடினமானது. மொழியின் இயந்திரத்தை வேகப்படுத்தும் ஒவ்வொரு மாற்றமும் வழுநீக்கியின் கண்ணைச் சற்றே மறைக்கின்றது. ஒரு விதியின் கடைசி நிபந்தனையை அழைக்கும்போது வேறு தெரிவுகள் எஞ்சியிராவிடின், அவ்விதியின் பதிவை நினைவகத்திலிருந்து நீக்கிவிடும் உத்தி இதற்கு நல்ல சான்று. நினைவகம் மிச்சமாகிறது. ஆனால் நாம் எங்கிருந்து வந்தோம் என்ற தடயமும் அத்துடன் அழிந்துவிடுகிறது. ஆகவேதான் ஆம்ஸ்டர்டாமில் ஜான் வீலமேக்கர் 1987 முதல் வளர்த்துவரும் எஸ்.டபிள்யூ.ஐ. புரோலொக், வழுநீக்கும் வேளையில் இந்த உத்தியைக் கைவிடுகிறது. வேகமா, விளக்கமா என்ற தெரிவில் அங்கு விளக்கம் வெல்கிறது.

1995 இல் புரோலொக்கிற்கான சர்வதேச நியமம் வெளியாயிற்று. விதிவிலக்குகளை எறிந்து பிடிக்கும் முறையை அது வரையறுத்தது. விடையுமின்றி, தோல்வியுமின்றி ஒரு வினா முறிந்துபோகலாம் என்பதால் வழுநீக்கிகளுக்கு ஐந்தாவது வாசலும் தேவைப்பட்டது. ஆனால் வழுநீக்கி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அந்த நியமம் தனது எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. அப்பொறுப்பு ஒவ்வொரு மென்பொருளையும் பேணுவோரின் தலையில் விழுந்தது.

மூதாதையர் விதிக்கும் பின்னர் விடிவு பிறந்தது. கேட்ட வினாக்களையும் கிடைத்த விடைகளையும் அட்டவணையில் பதிந்துவைக்கும் முறையை, நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புறூக் வளாகத்தில் 1990களில் வளர்ந்த எக்ஸ்.எஸ்.பி. அமைப்பு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனை எஸ்.டபிள்யூ.ஐ. புரோலொக்கும் பின்னர் உள்வாங்கிக்கொண்டது. முன்பு முடிவின்றிச் சுழன்ற அதே விதி இன்று விடைகளைத் தந்து முடிவடைகிறது. ஆனால் அட்டவணை முறையில் ஒரு வினா இடைநடுவில் நிறுத்திவைக்கப்பட்டு, வேறிடத்தில் விடை கிடைத்ததும் மீண்டும் உயிர்பெறுகின்றது. நான்கு வாசல் கொண்ட பெட்டிக்குள் இந்தப் போக்குவரத்து எளிதில் அடங்குவதில்லை.

புதிய வசதியைச் சேர்த்தவருக்குப் புகழ் கிடைக்கின்றது. அதனை விளங்கவைக்கும் கருவியைச் செப்பனிடுபவரை எவரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தான் கண்ட முடிவுக்குக் காரணம் சொல்ல இயலாத இயந்திரத்தை நம்புவது எங்ஙனம்? 'எவ்வாறு' என்ற கேள்வியைத் தவிர்க்கவே பிறந்த மொழிக்கு, அதே கேள்விக்குப் பதில் சொல்லும் கருவியே ஐந்து தசாப்தங்களாகத் துணைநின்று வருகின்றது.