உந்தம் என்ற சொல்லும் அதன் வெளியும்

இயற்பியல் பாடநூலில் உந்தம், திருப்புத்திறன் என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டுக்கும் இலத்தீன் மூலம் ஒன்றே: அசைவைக் குறிக்கும் வினையில் பிறந்த ‘மொமெண்டும்’. தராசைச் சாய்க்கும் சிறு எடைக்கும் அதுவே பெயர். ஆங்கிலம் அதை மொமெண்டம், மொமெண்ட் என்று பிரித்துக்கொண்டது. பிரெஞ்சிலோ கோண உந்தமும் ‘மொமான்’தான்.

சமச்சீர் உள்ள இயக்கத்தில் மாறாத அளவுகள் இருக்கும் என்று 1918இல் எம்மி நோதர் நிறுவினார். அவ்வளவுகளைத் திரட்டித் தரும் சார்புக்குப் பிரெஞ்சுக்காரர் சூரியோ ‘மொமான்’ என்றே பெயரிட்டார். ஆங்கிலத்தில் அது ‘மொமெண்ட் மேப்’ ஆயிற்று. ‘மொமெண்டம் மேப்’ என்பதே சரி என்போரும் உண்டு. ஆங்கிலத்தைப் பின்பற்றித் திருப்புத்திறன் என்று எழுதினால் பொருளே மாறிவிடும். உந்தச் சார்பு என்பதே பொருந்தும்.

மாறாத அளவை ஒரு மதிப்பில் நிறுத்தி, சமச்சீரால் மட்டும் வேறுபடும் நிலைகளை ஒன்றாக எண்ணினால், மிஞ்சும் நிலைகளெல்லாம் சேர்ந்த வெளி என்ன வடிவம்? தடித்த புத்தகத்தில் ரப்பர் பேண்டு போட்டுச் சுழற்றி எறிந்து பாருங்கள். புத்தகத்தோடு சுழல்பவர் கண்ணில் கோண உந்தம் திசை மாறும், நீளம் மாறாது. அதன் நுனி ஒரு கோளத்தின் மேலேயே நகரும். அக்கோளத்தில் ஆற்றலுக்கு இரண்டு முகடு, இரண்டு பள்ளம், இரண்டு சேணப்புள்ளி. 2 + 2 − 2 = 2; கோளத்தின் ஆய்லர் எண்ணும் 2. ஆகவே சேணப்புள்ளிகள் தற்செயல் அல்ல, கோளமே அவற்றைக் கேட்கிறது. நீளவாட்டு அச்சிலும் அட்டைக்குச் செங்குத்தான அச்சிலும் சுழற்சி நிலைக்கும். அகலவாட்டு அச்சு சேணப்புள்ளியில் அமைவதால் புத்தகம் நடுவானில் புரண்டுவிடும். வெளி என்ன வடிவம் என்ற கேள்வியை 1970இல் கணிதவியலாளர் ஸ்மேல் எல்லா இயந்திரவியலுக்கும் பொதுவாக்கினார்.

இதற்கு ஐந்து ஆண்டு முன்பே, சென்னை லயோலாவில் பாதிரியார் ராசினிடம் படித்த எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு தேற்றத்தை நிறுவியிருந்தார்கள். வளைவரைகளின் மேல் அமையும் நிலைத்த வெக்டர் கற்றைகளைப் பற்றியது அது. இயந்திரவியல் அதில் எங்கும் இல்லை. 1983இல் கணிதவியலாளர்கள் அத்தியாவும் பாட்டும் ஒன்றைக் காட்டினார்கள்: அங்கே கற்றையின் வளைவு என்பதே ஓர் உந்தச் சார்பு. அதைச் சுழியில் நிறுத்திச் சமச்சீரால் வகுத்தால் கிடைப்பது நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் பேசும் கற்றைகளின் வெளி! மும்பையில் நடந்த கணிதத்தில் எனக்கு இதைவிட அழகானது தெரியாது.

டாட்டா நிறுவனத்தின் அங்கமான ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மும்பையின் தேவ்நாரை அடுத்த மான்குர்தில் இருக்கிறது. நாட்டின் கணித ஒலிம்பியாட் பயிற்சி முகாம் பல ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. தேவ்நாரிலும் தாராவியிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் உந்தம் என்ற சொல்லைப் படிக்கும் வகுப்பிலேயே நரசிம்மன், சேஷாத்ரி இருவர் பெயரையும் கேட்க வேண்டும். புத்தகத்தை எறிந்து காட்ட ஆசிரியருக்கு ஒரு ரப்பர் பேண்டு போதும்.