பரணிலிருந்து இறங்கும் ஏடுகள்

வீட்டைத் துப்புரவாக்கும்போது கழிக்கப்படும் பொருள்களுள் வெண்கலப் பாத்திரத்திற்கு எடை மதிப்பு உண்டு. உளுத்த மரப்பெட்டிக்கு விறகு மதிப்பேனும் உண்டு. ஓலைச்சுவடிக்கோ படிப்பவர் இருந்தால்தான் மதிப்பு. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் பழைய வீடுகளில் ஏடுகள் வேண்டாப் பொருளான வரலாறு, அவற்றைப் படிப்போர் மறைந்த வரலாறே ஆகும்.

இவ்வட்டாரம் ஒரே மொழியில், ஒரே எழுத்தில் எழுதிய நிலம் அன்று. வட்டெழுத்து, மலையாண்மை, தமிழ், கிரந்தம், மலையாளம் ஆகிய எழுத்துகள் தென் திருவிதாங்கூரில் வழங்கின. வர்ம ஆசான்களின் ஏடுகளில் தமிழ்ச் செய்யுள் மிகுதி. கோவளத்தை அடுத்த ஔவாடுதுறையைச் சேர்ந்த அய்யிப்பிள்ளை ஆசானின் இராமகதைப்பாட்டு தமிழும் மலையாளமும் கலந்த நடையில் அமைந்தது.

இந்த நிலையை மூன்று மாற்றங்கள் குலைத்தன. அச்சும் காகிதமும் ஏட்டின் தேவையைக் குறைத்தன. 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டமும் 1926ஆம் ஆண்டின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பிரிக்க வழிசெய்தன. பின்னர் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. எல்லையின் ஒருபுறம் மலையாளமும் மறுபுறம் தமிழும் கல்வி மொழியாக வலுப்பெற, பாட்டன் எழுதிய ஏடு பேரனுக்குப் புரியாப் பொருளாயிற்று.

படிக்க இயலாத ஏட்டை ஆற்றில் விடுவதும் தீயில் இடுவதும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் நிகழ்ந்தவையே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் பழஞ்சுவடிகள் ஆகம முறைப்படி நெருப்பில் இடப்பட்டதை உ.வே.சாமிநாதையர் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். அச்செயலில் அலட்சியத்தைவிடப் பக்தியே மேலோங்கியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

புதிய இல்லம் கண்ட சுவடிகளும் உண்டு. திருவிதாங்கூர் அரசின் சுவடிப் பதிப்புத் துறையைச் சேர்ந்த த.கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த வடமொழிச் சுவடி ஒன்றைக் கண்டார். அதிலிருந்த நாடகங்களைப் பாசன் இயற்றியவை எனக் கருதி 1912 முதல் பதிப்பித்தார். அவை சாக்கியார் அரங்கிற்கெனத் தொகுக்கப்பட்டவை என்று இராம பிஷாரடி முதலியோர் மறுத்தனர். இவ்விவாதத்தில் சுவடி கிடைத்த நிலப்பகுதியே ஒரு சான்றாக நின்றது. எங்கிருந்து வந்தது என்று அறியப்படாதிருந்தால் அச்சான்று இல்லாமலே போயிருக்கும்.

அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகள் மற்றொரு சான்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் கவனத்தைப் பெற்ற இவற்றுள் நில ஆவணங்களும் அடிமை விற்பனை ஓலைகளும் உள்ளன. ஒரே குடும்பத்தின் கட்டாக நின்றமையால்தான் அவை நாஞ்சில் நாட்டின் சமூக வரலாற்றைப் பேசுகின்றன.

இன்று காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகமும், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஏடுகளுக்கு இல்லமாக உள்ளன. ஆயினும் எல்லையோரத்து வீடு ஒன்றின் கட்டைப் பிரித்து, மலையாள ஏடுகளைக் காரியவட்டத்திற்கும் தமிழ் ஏடுகளைத் தஞ்சைக்கும் அளித்தால் இரண்டும் பாதுகாக்கப்படும். ஒரே வீட்டில் இரு மொழிகளும் படிக்கப்பட்டன என்ற உண்மை மட்டும் அழிந்துவிடும். ஓலைகளுக்கு 1956இன் எல்லை தெரியாது. அவற்றைப் பங்கிடுவோரே அந்த எல்லையை அவற்றின் நடுவே வரைகின்றனர்.

ஆகவே, கட்டு வீட்டைவிட்டு வெளியேறுமுன் ஊர், வீட்டுப்பெயர், உடனிருந்த ஏடுகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கட்டுடன் சேர்ப்பது இன்றியமையாதது. அந்தத் தாளும் பிற்காலத்தில் ஓர் ஆவணமாகும்.