கொள்ளிடம் ஏறிய உல்லத்துக்கு

காவிரியின் கிளையான கொள்ளிடத்தில் உல்லம் மீன் கூட்டங்கூட்டமாக ஏறிய காலம் முடிந்துவிட்டது. மீன் அழியவில்லை. வங்கக் கடலில் இன்றும் இருக்கிறது. வங்காளிகள் அதை இலிஷ் என்று கொண்டாடுகிறார்கள். கோதாவரிக் கரையில் அதற்குப் புலசை என்று பெயர். தாலியை விற்றாவது புலசை தின்ன வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. நம் ஆற்றில் அது ஆண்டுதோறும் மேற்கொண்ட பயணம்தான் செத்துப்போனது. இந்த அஞ்சலி அந்தப் பயணத்துக்கு.

உல்லம் மத்திக்கு உறவு. வெள்ளிச் செதிலும், கொழுப்பேறிய சதையும், நுண்முள்ளும் கொண்ட மீன். வளர்வது கடலில், ஆனால் முட்டையிட அதற்கு நன்னீர் வேண்டும். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்தப் புதுவெள்ளம் செம்மண் கரைசலாகக் கொள்ளிடம் வழியே கடலில் இறங்கும். அதை உணர்ந்ததும் உல்லம் முகத்துவாரத்தில் கூடி, ஓட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும். ஒரு பெண்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் ஓடுகிற நீரில் மிதந்து வந்தபடியே பொரியும். குஞ்சுகள் சில மாதம் ஆற்றில் மேய்ந்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஆகவே அந்த மீனுக்கு மூன்று வேண்டும்: அழைக்க வெள்ளம், ஏற வழி, முட்டையைச் சுமக்க ஓட்டம். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டோம்.

கொள்ளிடத்துக்கு வெகுதெற்கே, கோவில்பட்டி வட்டாரத்து இளையரசனேந்தல் பக்கம் பெரிய ஆறு கிடையாது. வானம் பார்த்த கரிசல்; மழை பெய்தால் கண்மாய் நிறையும். ஆனாலும் மீன் ஏறுவதைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால், கெண்டையும் கெளுத்தியும் குரவையும் ஓடைத் தண்ணீரை எதிர்த்துத் துள்ளும். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே போனால்தான் தலைமுறை உண்டு என்பது மீனின் உடம்பிலேயே இருக்கிறது. மறுகால் சுவர் முழங்கால் உயரம் இருந்தால் குரவை எப்படியாவது கடந்துவிடும். மேட்டூர் அணையின் உயரம் 214 அடி.

உல்லத்துக்கு முதல் தடை மேட்டூருக்குக் கிட்டத்தட்ட நூறாண்டு முன்பே வந்தது. 1836-ஐ ஒட்டி ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். டெல்டா விவசாயம் பிழைத்தது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீன் ஆய்வாளராக மாறிய பிரான்சிஸ் டே, 1873-ல் வெளியான தம் அறிக்கையில், அணைக்கட்டுகள் ஏறுமீனை மறிக்கின்றன, மீனுக்கு வழி விடுங்கள் என்று எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை, கீழணையில் பிடித்த உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தது. அக்கறை இருந்தது, ஆற்றின் ஓட்டத்தை மீட்காமல் அந்த அக்கறைக்குப் பலன் இல்லை. மீனுக்கு வழி விடுவதும் எளிதல்ல: ஐரோப்பாவில் சால்மன் அணையைக் கடக்கக் கட்டும் மீன்படிகள் துள்ளி ஏறும் மீனுக்கானவை. உல்லம் துள்ளாது, நீந்தித்தான் ஏறும்.

1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கொள்ளத்தக்க நீர் 93 டி.எம்.சி.க்கு மேல். கீழணைக்கு வெகுதொலைவில், மேற்கே நிற்கும் அந்த அணை, கீழே இருந்த மீனைத் தொடாமலே கொன்றது. குடகில் பெய்த மழை நேரே கடலுக்கு வருவது நின்றது. ஆனி, ஆடியில் வர வேண்டிய வெள்ளம் நீர்த்தேக்கத்தில் படுத்துக்கொண்டது. பிறகு வயலுக்கு வேண்டும்போது வேண்டிய அளவு வந்தது. கடலில் காத்திருந்த மீனுக்கு அழைப்பு வரவில்லை. கொள்ளிடத்தில் உல்லம் படுவது சரிந்தது.

மேலே நிறைந்த நீர்த்தேக்கமும் பழைய மீன்களுக்கு உதவவில்லை. ஓடும் நீரில் பழகிய காவிரிக் கெண்டைகளுக்குத் தேங்கிய நீர் ஒவ்வாது. கோதாவரியிலிருந்து கட்லாவைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மேட்டூரில் செழித்தது. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த திலாப்பியா, ஜிலேபிக் கெண்டையாக ஆறு, குளம், கண்மாய் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. பிடிபடும் மீனின் மொத்த எடை கூடியிருக்கிறது. அதனால்தான் இழப்பு யாருக்கும் உறைக்கவில்லை. கூடையில் மீன் இருப்பதும் ஆறு உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல.

இதே சாவு கங்கையிலும் நடந்தது. 1975-ல் பராக்கா தடுப்பணை வந்த பிறகு, அலகாபாத் வரை ஏறிய இலிஷ் அங்கே அரிதாகிப்போனது. நமக்கு நேர்ந்து நாற்பதாண்டு கழித்து அதே பாடத்தை அதே விலை கொடுத்து வாங்கினார்கள்.

அணையைப் பழிப்பது என் நோக்கமில்லை. மேட்டூர் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த தமிழ்நாடு இது. என் வருத்தம் கணக்கைப் பற்றியது. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டது. தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4. 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலப் பங்குகளைத் திருத்தியபோதும் இந்தப் பத்தும் நான்கும் அப்படியே நின்றன. கடலில் கலக்கும் நீர் வீண் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அந்த வீண் தண்ணீரை நம்பித்தான் உல்லம் ஆயிரமாயிரம் ஆண்டு வந்துகொண்டிருந்தது.

அடுத்த சாவு வரிசையில் நிற்கிறது. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழும் திமில் மாசீர் மீன், 2018-ல் உலகச் செம்பட்டியலில் அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கதவணைக்கும் வரைபடம் போடும் மேசையில் மீனறிந்த ஒருவர் உட்கார வேண்டும். ஆடி வெள்ளத்தில் சில நாட்களாவது கடல்வரை ஆறு முழுசாக ஓட வேண்டும். இதை விதியாக எழுதினால் விவசாயத்துக்குக் கேடு வராதபடி நாள் குறிக்க முடியும். அறிவும் கருவியும் இருக்கின்றன. உல்லத்துக்குச் செய்யத் தவறிய நியாயத்தை மாசீருக்காவது செய்வோம்.