இறைவனை அறிதலும் திருப்பெருந்துறையும்

மானிடர் இறைவனை மெய்யாகவே அறிய இயலுமா? செட்டிநாட்டில் திருப்பணி புரியும் போதகர் இவ்வினாவிற்கு விடை கூற முற்படுகையில், திருவாசகம் ஓதும் அயலாரின் முகம் கண்முன் நிற்கும்.

காரைக்குடிக்குக் கிழக்கே, ஆவுடையார்கோயில் என வழங்கும் திருப்பெருந்துறை உள்ளது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரை இறைவன் இங்கே குருந்தமரத்தடியில் குருவாக வந்து ஆட்கொண்டான் என்பது சைவ மரபு. கருவறையிலோ ஆவுடையார் மட்டுமே உண்டு. இலிங்கத் திருமேனி இல்லை. இறைவன் வடிவுக்கு அடங்காதவன். ஆயினும் தானே வந்து தன்னை அறிவிப்பவன். இவ்விரண்டும் அங்கு ஒருங்கே பேசப்படுகின்றன.

1839இல் தமிழகம் வந்த மிஷனெரி ஜி. யு. போப், தம் விசுவாசத்தை விடாமலே, 1900இல், எண்பது வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டிற்கென நூல் எழுதிய ஹெண்ட்ரிக் கிரேமரோ, கிறிஸ்துவில் அருளப்பட்ட வெளிப்பாட்டிற்கும் சமயங்களின் தேட்டத்திற்கும் இடையே தொடர்ச்சியில்லை என வலியுறுத்தினார். அவருக்கு மறுமொழியும் அடங்கிய நூலைச் செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியச் சிந்தனையாளர் அவ்வாண்டே வெளியிட்டனர்.

கிரேமரின் எச்சரிக்கையை நாம் தள்ளிவிடோம். மனிதன் தன் முயற்சியால் கடவுளை எட்டுவதில்லை. எனினும் பெருந்துறை அடியாரும் தம் முயற்சியைப் பாடவில்லை, அருளையே பாடினார். கலாத்தியர் கடவுளை அறிந்ததைக் குறிப்பிட்ட பவுலும், அவரால் அவர்கள் அறியப்பட்டதே முந்தியது என உடனே தம் கூற்றைத் திருத்திக்கொள்கிறார் (கலா. 4:9).

ஆகவே நாம் கடவுளை மெய்யாகவே அறிகிறோம். ஆனால் முற்றாக அன்று, நம் உடைமையாகவும் அன்று. சிலுவையில் வெளிப்பட்ட அன்பை ஐயமின்றி அறிவிப்போம். அயலாரின் கண்ணீரில் அவர் செயற்படவில்லை எனத் தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை.