லினக்ஸுக்குத் தோதான லேப்டாப்

குறைந்த விலையில் ஒரு லேப்டாப் வாங்கி லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்பது கால் நூற்றாண்டுக்கும் மேலான ஆசை. லினக்ஸ் இலவசம், விண்டோஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சம், ஆகவே கடையில் இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கினால் போதும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். நடந்தது பெரும்பாலும் நேர்மாறு. புதிதாக, மலிவாக விற்ற லேப்டாப்புகளில் கணிசமானவை லினக்ஸோடு மல்லுக்கட்டின. அலுவலகங்களுக்கென்று கூடுதல் விலையில் தயாராகி, மூன்று நான்கு ஆண்டு உழைத்துவிட்டுப் பழைய சந்தைக்கு வந்தவை சொன்னபடி கேட்டன. உள்ளே இருக்கும் சிப் எப்படி வேலை செய்கிறது என்பதை அதைத் தயாரித்த நிறுவனம் வெளியே சொன்னதா, மறைத்ததா என்பதே பெரும்பாலும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

1990களின் கடைசியில் வந்த மோடத்திலேயே இது தெரிந்துவிட்டது. செலவைக் குறைப்பதற்காக மோடத்தின் வேலையில் பெரும்பகுதியைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டினார்கள். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளோ பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. லினக்ஸ் போட்டவருக்கு மோடம் இருந்தும் இணையம் இல்லை. அடுத்து வைஃபை வந்தது. 2003இல் வைஃபையும் சேர்ந்த சென்ட்ரினோ என்ற லேப்டாப் தொகுப்பைக் கொண்டுவந்த இன்டெல், லினக்ஸ்காரர்களின் முணுமுணுப்புகளுக்குப் பிறகு 2004இல் தானே லினக்ஸ் டிரைவரை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளை, வெளியிட்டது. இன்னொரு வைஃபை சிப் நிறுவனமான பிராட்காம் வாய் திறக்கவில்லை. அதன் சிப் இருந்த லேப்டாப்பை வாங்கியவர்கள் விண்டோஸ் டிரைவரையே என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓட்டிச் சமாளித்தார்கள். தன்னார்வலர்கள் பிராட்காமின் டிரைவரைப் பிரித்து ஆராய்ந்தே புதிதாக ஒரு டிரைவர் எழுதினார்கள், 2006இல் அது லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்ந்தது. பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவர் கொடுத்தது 2010 செப்டம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே விலைக்கு விற்ற இரண்டு லேப்டாப்பில் ஒன்று உடனே இணையத்தில் சேர்ந்தது, மற்றொன்று வாரக்கணக்கில் உயிரை வாங்கியது.

‘லினக்ஸோடு விற்ற மலிவு லேப்டாப்பை மக்களே ஒதுக்கிவிட்டார்களே’ என்று கேட்பவர்கள் நெட்புக் என்ற குட்டி லேப்டாப்புகளின் காலத்தைக் காட்டுவார்கள். 2007 ஜூனில் 199 டாலர் என்று ஆசை காட்டிய ஏசுஸ், அந்த ஆண்டுக் கடைசியில் ஈபிசி 701ஐ இறக்கியது. அமெரிக்காவில் அதன் 4ஜி மாடல் 399 டாலர். ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி சேமிப்பு, சாண்ட்ரோஸ் லினக்ஸ். 2008இல் ஏசரும் எம்எஸ்ஐயும் அதே வழியில் வந்தன. லினக்ஸ் நெட்புக்குகள் விண்டோஸ் நெட்புக்குகளைவிடப் பல மடங்கு திரும்பி வருவதாக எம்எஸ்ஐ தரப்பிலேயே அந்த ஆண்டு சொன்னார்கள். இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் கடையிலிருந்து வந்தது முழு லினக்ஸ் அல்ல, பெரிய பெரிய ஐகான்களோடு ஒடுக்கப்பட்ட ஒரு முகப்பு. அதற்குமேல் ஏதாவது நிறுவலாம் என்றால் 4 ஜிபியில் இடம் போதாது. அதோடு மைக்ரோசாஃப்ட்டும் கைகட்டி நிற்கவில்லை. 2008 நடுவில் நிறுத்தவிருந்த விண்டோஸ் எக்ஸ்பி விற்பனையை, இந்த வகைக் குட்டிக் கணினிகளுக்கு மட்டும் 2010 வரை நீட்டித்தது. தோற்றது லினக்ஸ் என்பதைவிட, அரைகுறையாக அதைப் பொருத்தி விற்ற விதம் என்பதே சரி. விண்டோஸோடு வந்த சில நெட்புக்குகள் இன்னும் மோசம். இன்டெலின் மற்ற கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு நல்ல திறந்த டிரைவர் இருக்க, ஜிஎம்ஏ 500 என்ற சிப்புக்கோ வேறொரு நிறுவனத்தின் வடிவமைப்பை வாங்கிப் போட்டதால், அதில் லினக்ஸ் நிறுவியவர்கள் திரையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரவே திண்டாடினார்கள். இன்டெல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் நம்பியவர்களுக்கு இது நல்ல பாடம்.

இதே காலத்தில் திங்க்பேட் போன்ற அலுவலக வகைகள் வேறு மாதிரி இருந்தன. பல மாடல்களில் இன்டெல் வைஃபை, இன்டெல் கிராஃபிக்ஸ். ராம், டிஸ்க், பேட்டரி எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. எந்தத் திருகை எப்போது கழற்றுவது என்பது வரை சொல்லும் பராமரிப்புக் கையேடு பொதுவில் கிடைத்தது. லினக்ஸ் எழுதுபவர்களிலேயே பலர் திங்க்பேட் வைத்திருந்ததால் பிழைகள் சீக்கிரம் திருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இன்னொரு வழி: விண்டோஸோடு இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்குபவர் அரசாக இருந்து, லினக்ஸும் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால், மலிவு லேப்டாப்பும் அதற்குப் பொருந்தி வரும். தனி ஆளுக்கு அந்தப் பேரம் கிடையாது.

இப்போது டிரைவர் பிரச்சினை பெரிதும் தீர்ந்துவிட்டதே என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அடிமட்ட விலை லேப்டாப்புகள் பலவற்றில் ராமையும் சேமிப்பையும் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பின்னால் கூட்டவே முடியாது. பழைய லேப்டாப்பில் பேட்டரி தேய்ந்திருக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது, பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் பெரும்பாலும் பழைய அலுவலக லேப்டாப்பே தேறும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசசர்களோடு நல்ல நிலையில் உள்ள லேப்டாப்புகள் ஏராளம், லினக்ஸுக்கு அந்தத் தடை இல்லை. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ வாங்கப் போனால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நிறுவாமலே அதிலிருந்து பூட் செய்து வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றைப் பாருங்கள். மூடித் திறந்தால் மறுபடி விழிக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.