கண்ணில் படியும் வெண்துகளும் விழித்திரை நாள அடைப்பும்

முதுமையில் பார்வை மங்கினால் அது கண்புரையாகவே இருக்கும் என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. கண்டி நகரிலும் சூழவுள்ள கிராமங்களிலும் தோட்டங்களிலும் வாழும் முதியோர், புரை முற்றட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதை நாம் காண்கின்றோம். இக்காத்திருப்பு எவ்வேளையிலும் பாதுகாப்பானதன்று.

எக்ஸ்ஃபோலியேஷன் எனப்படும் நோய்நிலையில், சாம்பல் கலந்த வெண்துகள்கள் கண்வில்லையின் முன்புறத்திலும் கண்மணியின் விளிம்பிலும் பொடுகு போலப் படிகின்றன. பின்லாந்து வைத்தியர் லிண்ட்பேர்க் 1917 இல் இதனை முதன்முதலாக விவரித்தார். கண்ணினுள் சுரக்கும் நீர் வெளியேறும் வழியை இத்துகள்கள் அடைக்கும்போது கண்ணழுத்தம் உயர்ந்து குளுக்கோமா உண்டாகலாம்.

விழித்திரையின் குருதியைத் திருப்பிக் கொண்டுசெல்லும் மைய நாளம், பார்வை நரம்பின் நடுவே சல்லடை போன்றதோர் இடுக்கின் வழியாகவே கண்ணை விட்டு வெளியேறுகின்றது. உயர்ந்த அழுத்தம் அவ்விடத்தை நெரித்தால் குருதியோட்டம் தளர்ந்து, உறைந்து, நாளம் அடைபடக்கூடும். இத்துகள்கள் குருதிக் குழாய்களின் சுவர்களிலும் காணப்படுவதால், அவையே நாளத்தை நேரடியாகக் கெடுக்கின்றனவோ என்ற ஐயமும் உண்டு. ஆய்வாளர்கள் இதில் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் நாள அடைப்புக்குப் பெருங்காரணங்கள் என்பதையும் மறத்தலாகாது.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் இலங்கை வைத்தியர்களும் இணைந்து நடத்திய 'கண்டி கண் ஆய்வு', இம்மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 1375 பேரைப் பரிசோதித்தது. 2008 இல் வெளியான அதன் முடிவின்படி, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இத்துகள்கள் இருந்தன. தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்திய ஆய்வு நூற்றுக்கு ஆறு பேரிடம் கண்டது. கடலுக்கு இருபுறமும் ஏன் இத்துணை வேறுபாடு என்பது சிந்தனைக்குரியது. எமது எண்ணிக்கை சிறிதென்று ஆறுதல் கொள்வதற்கில்லை. நூற்றில் அந்த ஒருவருக்கு அது அவருடைய கண்.

கண்புரை மெல்ல மெல்ல மறைக்கும். நாள அடைப்போ நோவின்றி, திடீரென, பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே பார்வையைக் கெடுக்கும். அதனைப் புரை என்றெண்ணிக் காலந்தாழ்த்துவோரில் சிலருக்கு, ஏறத்தாழ மூன்று மாதங்களில் கண்ணினுள் வேண்டாத புதுக் குருதிக் குழாய்கள் முளைத்து, கடும் நோவுடன் கூடிய மற்றொரு குளுக்கோமா தோன்றுகின்றது. உரிய வேளையில் சென்றால் கண்ணினுள் செலுத்தும் ஊசிமருந்தும் லேசர் சிகிச்சையும் கைகொடுக்கக்கூடும்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இடாமல் பார்த்தால் இத்துகள்கள் வைத்தியர் கண்ணுக்கும் தப்பலாம். வீடு திரும்பும் வழியில் சில மணிநேரம் பார்வை கூசும் என்பதற்காக அம்மருந்தை மறுப்போர் பலர். துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்றால் அத்தடை நீங்கும். புரையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு முன்னரும் இப்பரிசோதனை இன்றியமையாதது. துகள் படிந்த கண்ணில் வில்லையைத் தாங்கும் இழைகள் நலிந்திருக்கும்.

குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து இடும் முஸ்லிம் சகோதரர்கள் சிலர் ரமழானில் அதனை நிறுத்திவிடுகின்றனர். ஷாபிஈ மத்ஹபின்படி கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறிவதில்லை. அப்படியும் மனம் ஒப்பாதோர், மருந்திடும் வேளைகளை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என வைத்தியரிடம் கேட்டறியலாம்.